துணைத் தலைவர் பாலு

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதத்தில் அந்தப் படம் என் செல்பேசிக்கு வந்துவிடும். பழைய கறுப்பு வெள்ளைப் படம். கீழே நீல எழுத்தில், இந்தியாவின் முதல் தலித் கிரிக்கெட் நட்சத்திரம் பல்வாங்கர் பாலு என்று இருக்கும். நானும் பகிர்வேன். ஆனால் படத்தோடு வரும் நாலு வரிக் கதையில் எனக்கு ஒரு குறை உண்டு. ஏழைப் பையன், தீண்டாமை, திறமை, வெற்றி என்று வரிசையாக ஏறி முடிந்துவிடும். சாதியைப் பந்தால் வீழ்த்தியவர் என்று ஒரு வாசகமும் இருக்கும்.

பாலு வீழ்த்தியது பேட்ஸ்மேன்களை. சாதி அவரை என்ன செய்தது என்பது வேறு கதை. அது அவரை மைதானத்துக்கு வெளியே நிறுத்தவில்லை. உள்ளே எடுத்து, இரண்டாம் இடத்தில் உட்கார வைத்து, தேவைப்பட்டபோதெல்லாம் கூப்பிட்டுக்கொண்டது. பூனாவில் தொடங்கி 1937 பம்பாய்த் தேர்தல் வரை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இதுதான் நடந்தது. வெளியே தள்ளப்படுவதைப் பார்த்ததும் கத்த நாம் பழகிவிட்டோம். உள்ளே வைத்துக்கொண்டே ஒதுக்குவதைப் பற்றி இன்னும் போதுமான அளவு பேசவில்லை என்று எனக்குப் படுகிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

கதையை அறியாத தோழர்களுக்காகக் கொஞ்சம். பாலு சமார் சாதியில் பிறந்தவர். தார்வாட்டில் பிறந்து பூனாவில் வளர்ந்தார். முதல் வேலை அங்கே பார்சிகள் நடத்திய ஒரு கிரிக்கெட் கிளப்பில். ஆடுகளத்தைப் பெருக்குவது, ரோலர் இழுப்பது, உறுப்பினர்கள் பயிற்சி எடுக்கும்போது அவ்வப்போது பந்து வீசுவது. சம்பளம் மாதம் 3 ரூபாய். 1892 வாக்கில் வெள்ளைக்காரர்களின் பூனா கிளப்புக்குப் போனார். அங்கே 4 ரூபாய். வலை கட்டுவது, ஆடுகளத்துக்குக் கோடு போடுவது, பிறகு மணிக்கணக்கில் துரைமார்களுக்குப் பந்து வீசுவது. ஜே.ஜி.கிரெய்க் என்ற அன்றைய பெரிய ஆட்டக்காரர், தன்னை அவுட்டாக்கும் ஒவ்வொரு முறையும் பாலுவுக்கு எட்டணா கொடுத்ததாக ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, அந்த வலையில்தான் ஓர் அபாரமான இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் உருவானார்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கதையை விரிவாக எழுதிய ராமச்சந்திர குஹா ஒரு தகவல் சொல்கிறார். அத்தனை ஆயிரம் பந்துகள் வீசிய பாலுவுக்கு அந்த வலையில் ஒருமுறைகூட பேட்டைக் கொடுக்கவில்லை. பந்து வீசுவது உழைப்பு, வேலைக்காரன் செய்யலாம். பேட் பிடிப்பது ஆட்டம், அது துரை செய்வது. பாலுவின் வாழ்க்கை முழுவதையும் இந்த ஒரு வலைக்குள் பார்த்துவிடலாம்.

பூனாவின் இந்து கிளப்புக்கு வெள்ளையரைத் தோற்கடிக்கும் ஆசை வந்தது. அதற்கு பாலு வேண்டும். பார்ப்பன உறுப்பினர்கள் சிலர் முரண்டு பிடித்தார்கள். பாலுவை எடுக்காமல் விடுவது மடத்தனம் என்று கிரெய்க்கே வெளிப்படையாகச் சொன்னார். எடுத்தார்கள். மைதானத்தில் எல்லோரும் ஒரே பந்தைத் தொட்டார்கள். இடைவேளை வந்ததும் மற்றவர்களுக்குப் பெவிலியனுக்குள் பீங்கான் கோப்பையில் தேநீர், பாலுவுக்கு வெளியே, குடித்துவிட்டு எறியும் மண்குவளையில். சாப்பாடு தனித் தட்டில், தனி இடத்தில். அவரோடு விளையாட முடிகிற உங்களால் ஏன் அவரோடு உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை என்று மகாதேவ கோவிந்த ரானடே கேட்டாராம்.

நல்ல கேள்விதான். ஆனால் ரானடேயின் கேள்விக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. சாதி என்பது முரண்பாட்டைக் கண்டால் வெட்கப்படும் என்ற நம்பிக்கை. எனக்கு அது இல்லை.

நான் கீப்பர். சரியாகச் சொன்னால் எங்கள் நாகல் நகர் டென்னிஸ் பால் அணியின் இரண்டாவது கீப்பர். இது ஒரு விசித்திரமான பதவி. பந்து வீச்சாளர்கள் அஞ்சாறு பேர் மாறி மாறி வீசலாம், ஆனால் கீப்பர் ஒருவர்தான். முதல் கீப்பருக்கு விரல் பெயர வேண்டும், அல்லது மாமன் வீட்டுக் கல்யாணம் வர வேண்டும். அதுவரை ஸ்கோர் எழுதிக்கொண்டு எல்லைக்கோட்டில் உட்கார்ந்திருக்கலாம். அங்கே உட்கார்ந்து பார்த்துப் பழகியதாலோ என்னவோ, பாலுவைப் படிக்கும்போது என் மனம் எப்போதும் ஸ்டம்புக்குப் பின்னால் நின்ற ஆளிடம் போய்விடுகிறது.

அந்த ஆள் நம் ஊர்க்காரர். கே.சேஷாச்சாரி, சென்னையைச் சேர்ந்த பார்ப்பனர். பம்பாயில் இந்து அணிக்கும், 1911-இல் இங்கிலாந்துக்குப் போன அகில இந்திய அணிக்கும் விக்கெட் கீப்பர். சுழற்பந்து வீச்சுக்குக் கீப்பர் ஸ்டம்பை ஒட்டி நிற்க வேண்டும். பாலுவின் விரலை விட்டுக் கிளம்பும் பந்து, பேட்டில் படாவிட்டால் நேராக சேஷாச்சாரியின் கையுறைக்குள் வந்து விழும். சமார் வீட்டுப் பிள்ளையின் வியர்வையும் சில நேரம் எச்சிலும் பட்ட பந்து. அந்தப் பந்தும் தோலால் ஆனது, கையுறையும் தோலால் ஆனது. மாட்டைத் தொட்டவன் தீட்டு, மாட்டுத்தோலை உரித்தவன் தீட்டு, பதப்படுத்தியவன் தீட்டு. பந்தாக உருட்டித் தைத்துவிட்டால் தீட்டு காணாமல் போகிறது.

திண்டுக்கல்காரனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பூட்டுக்குப் பெயர் போன ஊர், தோலுக்கும் பெயர் போனது. என் தாத்தா தோல்ஷாப்பில் வேலை பார்த்தவர். சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கி இறங்கி அவர் கால்களில் தோலே வேறு நிறமாக இருந்தது. தோல்ஷாப்புக் கழிவால் பொன்மாந்துறைப் பக்கம் கிணறுகள் பாழானது தனிக்கதை. அவர் பதப்படுத்திய தோல் செருப்பாகவும் பையாகவும் யார் யார் வீட்டுக்குள்ளோ போயிருக்கும். அவர் அந்த வீடுகளின் திண்ணை வரைக்கும் போயிருப்பாரா என்பது சந்தேகம். இன்றும் டெஸ்ட் போட்டிக்கான பந்து மீரட்டிலிருந்து வருகிறது. அங்கே தோலை வெட்டித் தைப்பவர்கள் பெரும்பாலும் தலித்துகள்.

ஆகவே பந்து சாதியை உடைத்தது என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. தீட்டு என்கிற விதி எவ்வளவு நெகிழ்வானது என்பதைத்தான் பந்து காட்டியது. வெள்ளைக்காரனை ஜெயிக்க வேண்டும் என்றபோது விதி மைதானத்தை விட்டு எழுந்து தேநீர்க் குவளைக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. பிற்பாடு குவளையை விட்டும் எழுந்தது. எங்கே போனது என்று பார்ப்பதற்கு முன், இதே விஷயத்தைத் தலைகீழாகக் காட்டும் அமெரிக்கக் கதை ஒன்று.

பேஸ்பாலில் கேட்ச்சர் என்று ஒருவர் உண்டு, நம் கீப்பர் மாதிரி. ஒரு முக்கியமான வித்தியாசம், எந்தப் பந்தை வீசுவது என்று விரலால் சைகை காட்டுவது கேட்ச்சரின் வேலை. பந்தை வீசும் பிட்ச்சர் அந்தச் சைகையைப் பார்த்து வீசுவார். அதாவது பின்னால் குந்தி உட்கார்ந்திருப்பவர்தான் ஆட்டத்தை நடத்துகிறார். 1884-இல் டொலிடோ அணியில் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பின கேட்ச்சர் ஆடினார். அந்த அணியின் நட்சத்திர பிட்ச்சர் டோனி முல்லேன், வெள்ளையர். வாக்கரைப் போல ஒரு கேட்ச்சரைத் தான் கண்டதில்லை என்று முல்லேன் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். கூடவே இன்னொன்றையும் சொன்னார். கறுப்பர்களைப் பிடிக்காது என்பதால் வாக்கரின் சைகையை அவர் பார்ப்பதே இல்லையாம், தன் இஷ்டத்துக்கு வீசுவாராம். வாக்கர் ஒருநாள் வந்து, சைகை இல்லாமலே பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, என்ன வருகிறதென்று தெரியாமலே அந்த ஆண்டு முழுக்கப் பிடித்தார். இன்றைய தடித்த கையுறைகள் வராத காலம் அது. விரல்கள் என்ன பாடுபட்டிருக்கும் என்பது கீப்பருக்குத் தெரியும்.

வாக்கர் அந்தப் பெரிய லீக்கில் 42 ஆட்டங்கள் ஆடினார். அவர் தம்பி வெல்டியும் சில ஆட்டங்கள் ஆடினார். பிறகு கறுப்பர்களுக்குக் கதவு மூடப்பட்டது. மீண்டும் திறந்தது 1947-இல், ஜாக்கி ராபின்சனுக்கு.

முல்லேனுக்கு வாக்கர் பந்தைப் பிடிப்பதில் ஆட்சேபம் இல்லை. அவர் பிடித்தால்தான் முல்லேனுக்கே லாபம். வாக்கர் சொல்லித் தான் கேட்பதா என்பதுதான் பிரச்சினை. சென்னை சேஷாச்சாரிக்கு பாலு வீசியதைப் பிடிப்பதில் என்ன சிக்கல் இருந்திருக்கப்போகிறது? சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. பாலு கையை அசைத்து, நீ அங்கே போய் நில் என்று சொன்னால் பார்ப்பனர் போய் நிற்க வேண்டுமா? கிரிக்கெட்டில் அந்தக் கையசைவுக்குப் பெயர் கேப்டன் பதவி.

1906-இல் பம்பாயில் இந்து அணி வெள்ளையர் அணியை 109 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்தது. பாலுவும் அவர் தம்பி சிவராமும் அந்த அணியில் இருந்தார்கள். ரஷ்யாவை ஜப்பான் தோற்கடித்து ஓராண்டுதான் ஆகியிருந்த நேரம், நாடே கொண்டாடியது. பம்பாய் இந்து ஜிம்கானாவில் பூனா அளவுக்குக் கெடுபிடி இல்லை. அண்ணன் தம்பி இருவரும் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சீர்திருத்தப் பத்திரிகைகள் பாராட்டி எழுதின. மண்குவளை போய்விட்டது. இங்கேதான் பெரும்பாலான நாலு வரிக் கதைகள் நிறுத்திக்கொள்கின்றன.

1911-இல் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் தலைமையில் அணி இங்கிலாந்து போனது. மகாராஜாவுக்கு வயது 19. பாலு முப்பத்தைந்தைத் தொட்டிருந்தார், தோள்வலி வேறு. முடிசூட்டு விழா, விருந்துகள் என்று மகாராஜா சில ஆட்டங்களுக்கு மட்டும் வந்தார். அவர் வராத ஆட்டங்களிலும் தலைமை வேறு ஆட்களுக்குப் போனது. அணி நிறையத் தோற்றது. பாலு மட்டும் அந்தச் சுற்றுப்பயணத்தில் 114 விக்கெட் எடுத்தார், சராசரி 18.84. லெஸ்டர்ஷயரை வென்ற ஆட்டத்தில் 11 விக்கெட். சாமர்செட்டை ஒரு விக்கெட்டில் வென்றபோது சதம் அடித்து நின்றவர் சிவராம். முதல்தர ஆட்டங்களில் அந்த அணிக்குக் கிடைத்த வெற்றியே இந்த இரண்டுதான். இரண்டிலும் பல்வாங்கர் வீட்டுப் பிள்ளைகளின் கை இருந்தது.

சிவராமைப் பற்றி ஒரு வார்த்தை. அவரை எங்கும் பாலுவின் தம்பி என்றே எழுதுகிறார்கள், நானும் இரண்டு பத்திக்கு முன் அப்படித்தான் எழுதினேன். கடைசி விக்கெட்டோடு நின்று ஒரு கவுண்டி அணியை வென்று கொடுத்தவருக்குச் சொந்தப் பெயர் இருக்கிறது.

திரும்பி வந்த பாலுவை விட்டால் இந்து அணிக்குத் தலைவராக வேறு யார்? மூத்தவர், விக்கெட் அதிகம் எடுத்தவர், ஆட்டம் தெரிந்தவர். ஆண்டுதோறும் பேச்சு எழும். ஆண்டுதோறும் வேறொருவர் பெயர் வரும். 1913-இல் தலைவரான எம்.டி.பாய், சாரஸ்வத பார்ப்பனர், தன் பாராட்டுக் கூட்டத்திலேயே இந்தப் பதவி என் நண்பர் பாலுவுக்குப் போயிருக்க வேண்டும் என்று சொன்னார். அவரைப் பாராட்ட வேண்டும்தான். ஆனாலும் பதவி அவரிடமே இருந்தது.

1920-இல் விஷயம் வெடித்தது. பாய்க்கு உடம்பு சரியில்லை. முதல் ஆட்டத்துக்கு பாலுவை அணியிலிருந்தே நீக்கினார்கள். தலைமை பூனாவைச் சேர்ந்த டி.பி.தியோதர் என்ற இளம் பார்ப்பனருக்குப் போனது. சிவராமும் அடுத்த தம்பி விட்டலும் தியோதரைவிட மூத்த ஆட்டக்காரர்கள். இருவரும் வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்து அணியிலிருந்து விலகினார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன், அணியில் இடம் கிடைத்ததே பெரிது என்று ஊர் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், இது எங்களுக்கு அவமானம் என்று வெளியேறிய அந்த இரண்டு பேரைத்தான் நான் படம் போட்டுப் பகிர விரும்புகிறேன். சலசலப்பு பெரிதானதும் நிர்வாகம் இறங்கி வந்தது. இறுதி ஆட்டத்துக்கு பாய் திரும்பினார், தம்பிகள் திரும்பினார்கள், பாலுவும் அணிக்குள் வந்தார், துணைத் தலைவராக. ஆட்டத்தின் நடுவே பாய் மைதானத்தை விட்டு வெளியே போய்விட, கொஞ்ச நேரம் பாலு அணியை நடத்தினார். நாற்பதைத் தாண்டிய வயதில், ஒருவர் வெளியே போன இடைவெளியில்.

தகுதி, திறமை என்று நம்மிடம் வகுப்பெடுப்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான கணக்கு கிடையாது. பந்து வீச்சை எண்ணலாம். முதல்தர ஆட்டத்தில் 33 போட்டி, 179 விக்கெட், சராசரி 15.21. யாரும் மறுக்க முடியாது. அதனால் மறுக்கவில்லை. தலைமைப் பண்பை எண்ண முடியாது. அதற்கு விக்கெட் கணக்கு கிடையாது, ஸ்கோர் புத்தகம் கிடையாது. நாலு பேர் ஒரு அறையில் உட்கார்ந்து, இவரிடம் அந்த ஆளுமை இல்லையே என்று சொன்னால் முடிந்தது. எழுத்துத் தேர்வில் தூக்கலாக மதிப்பெண் எடுத்து நேர்காணலில் சரிந்தவர்கள் நம் நண்பர்களில் எத்தனை பேர் என்று நினைத்துப் பாருங்கள். அந்த அறை புதிதல்ல.

தியோதர் நல்ல ஆட்டக்காரர், அதில் சந்தேகமில்லை. அவர் பெயரில் ஒரு தேசியக் கோப்பை நடத்தப்பட்டது. பாலு பெயரில் அப்படி ஒன்று இல்லை.

கடைசியில் 1923-இல் விட்டல் தலைவரானார். இந்து அணி அந்த ஆண்டு வெள்ளையரைத் தோற்கடித்தது, கூட்டம் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனது. அண்ணனுக்குக் கிடைக்காதது தம்பிக்குக் கிடைத்தது என்று மகிழலாம். இடையில் காந்தி தீண்டாமை ஒழிப்பைக் காங்கிரசின் திட்டமாக்கியிருந்தார், காற்று மாறியிருந்தது, உண்மை. ஆனால் 1920-இன் வெளிநடப்பு இல்லாமல் 1923 இல்லை என்றே நான் வாசிக்கிறேன். மனம் திருந்தி யாரும் தரவில்லை. தம்பிகள் இல்லாமல் ஜெயிக்க முடியாது என்று தெரிந்த பிறகு தந்தார்கள்.

இனி சங்கடமான பகுதி. படம் பகிர்பவர்கள் பெரும்பாலும் இதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

1932 செப்டம்பர் 24, பூனா ஒப்பந்தம். அம்பேத்கர், நம் ரெட்டமலை சீனிவாசன், எம்.சி.ராஜா ஆகியோரின் கையெழுத்துகளோடு பி.பாலு என்ற கையெழுத்தும் அதில் உண்டு. அதற்கு முன்பே தனித்தொகுதி வாக்காளர் முறை வேண்டாம், கூட்டு வாக்காளர் முறை போதும் என்று எம்.சி.ராஜா எடுத்த நிலைப்பாட்டின் பக்கம் பாலு நின்றார். 1937 பம்பாய் மாகாணத் தேர்தலில் சுதந்திரத் தொழிலாளர் கட்சியின் வேட்பாளராக அம்பேத்கர் நின்றார். அவருக்கு எதிராகக் காங்கிரஸ் நிறுத்தியது பாலுவை. அம்பேத்கருக்கு 13,245 வாக்கு, பாலுவுக்கு 11,225.

தோழர்கள் சிலர் இதைச் சொன்னதும் பாலுவைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். துரோகி என்று ஒரே சொல்லில் முடிக்கிறார்கள். என்னால் அப்படி முடிக்க முடியவில்லை. காந்தியை மனதார நம்பிய தலித்துகள் அந்தத் தலைமுறையில் இருந்தார்கள், பாலு அவர்களில் ஒருவர். வெள்ளைச் சீருடையில் இந்து என்ற பெயரோடு இருபது ஆண்டு ஆடியவர், இந்து என்ற அணிக்குள்ளேயே நியாயம் கிடைக்கும் என்று நம்பியதில் ஆச்சரியம் என்ன? அந்த அணி அவரை என்ன செய்தது என்பது கண்முன்னே இருந்தும் நம்பினார். அம்பேத்கர் நம்பவில்லை. இரண்டில் யார் கணக்கு சரி என்பதில் எனக்குக் குழப்பம் கிடையாது.

ஆனால் காங்கிரசைப் பாருங்கள். பாலுவை வைத்து அவர்கள் எந்த ஆட்டம் ஆடினார்கள்? அம்பேத்கரைத் தடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்த, எல்லோரும் மதிக்கிற ஒரு பழைய பந்து வீச்சாளர் எல்லைக்கோட்டில் உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டார்கள். கிரெய்க்கின் விக்கெட்டுக்காக இந்து கிளப் கூப்பிட்ட அதே மாதிரி. அப்போது வெள்ளையரை வீழ்த்த ஒரு தலித், இப்போது தலித்துகளின் தலைவரை வீழ்த்த ஒரு தலித். இன்றும் கட்சிகளில் பட்டியல் அணி என்று தனியாக ஒன்று வைத்து, தனித்தொகுதி வரும்போது மட்டும் தூசி தட்டி எடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு 1937-இன் அந்த எண்கள்தான் ஞாபகம் வருகின்றன. மாவட்டச் செயலாளர் பதவி என்று பேச்சு வந்தால் அதே பழைய அறை, அதே ஆளுமை இல்லையே.

மைதானத்துக்கே திரும்புகிறேன். 2024-இல் இரண்டு தமிழ்ப் படங்கள், ப்ளூ ஸ்டார், லப்பர் பந்து, கிரிக்கெட்டையும் சாதியையும் ஒன்றாக வைத்துப் பேசின. தியேட்டரில் எங்கள் பையன்கள் விசிலடித்தார்கள். அதே ஆண்டு திண்டுக்கல் டிராகன்ஸ் அஸ்வின் தலைமையில் டிஎன்பிஎல் கோப்பையை வென்றது. நத்தம் என்.பி.ஆர். மைதானத்துக்கு மேட்ச் பார்க்க நாகல் நகரிலிருந்து பைக்கில் கும்பலாகப் போவோம். சந்தோஷம்தான். ஆனால் டென்னிஸ் பாலிலிருந்து தோல் பந்துக்குப் போகும் பாதையில் எத்தனை சுங்கச்சாவடி இருக்கிறது என்பது போனவனுக்குத்தான் தெரியும். பயிற்சிக் கட்டணம், பேட், பேடு, மேட்ச் நாளில் பஸ் செலவு. அதற்குப் பிறகும் நம் பையன் வேகமாகப் பந்து வீசினால் எடுத்துக்கொள்கிறார்கள். வேகம் என்பது உடம்பு, உழைப்பு. அவனைக் கேப்டனாக யோசிப்பது வேறு.

ஓர் ஆண்டுக்கு முன், ஊர் பெயர் வேண்டாம், திண்டுக்கல்லுக்கு மேற்கே ஒரு கிராமத்தில் டோர்னமென்ட். எங்கள் அணி கலவையானது. எங்கள் தெருப் பையன்கள், பேகம்பூர் பாய் வீட்டுப் பையன்கள், நாகல் நகர் சௌராஷ்டிரப் பையன்கள். கேப்டன் எங்கள் தெரு. டாஸ் போட வந்த கமிட்டிக்காரர் நுழைவுச் சீட்டைப் பார்த்தார், எந்தத் தெரு என்று கேட்டார், பதிலைக் கேட்டார். பிறகு கேப்டனைத் தாண்டி, பின்னால் நின்ற சௌராஷ்டிர நண்பனைப் பார்த்து, நீ வா தம்பி, காயின் கேளு என்றார். குரலில் கோபம் இல்லை. பிரியமாகத்தான் கூப்பிட்டார். நண்பன் நகரவில்லை, எங்க கேப்டன் இருக்காருண்ணே என்றான். கமிட்டிக்காரர் சிரித்துக்கொண்டே நாணயத்தை அவரே சுண்டிவிட்டு, எதிரணியைக் கேட்கச் சொன்னார்.

ஆட்டம் முழுக்க அப்படியே. நடுவர் ஓவர் எண்ணிக்கையைச் சொல்வதும், பந்து காணாமல் போனால் கேட்பதும், எல்லாம் எங்கள் கேப்டனைத் தவிர மற்ற எல்லோரிடமும். இடைவேளையில் தேநீர் வந்தது. எல்லோருக்கும் ஒரே பேப்பர் கப். இரட்டைக் குவளை ஒழிந்துவிட்டது என்று யாராவது ஆய்வு செய்ய வந்திருந்தால் எங்களைப் படம் பிடித்திருக்கலாம். பூனாவில் பாலுவுக்கு மட்டும் கொடுத்த, குடித்துவிட்டு எறியும் குவளை இப்போது எல்லோர் கையிலும் இருக்கிறது.

நாங்கள் அந்த ஆட்டத்தில் ஜெயித்தோம். பரிசளிப்பில் கோப்பையை யாரிடம் கொடுப்பது என்று மேடையில் ஒரு நிமிடம் குழப்பம். நண்பன் பின்னால் போய் நின்றுகொண்டான்.

எங்கும் வெட்டுக்குத்து இல்லை, வசைச்சொல் இல்லை. இருக்கும் இடங்களும் உண்டு. 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி அரையிறுதியில் தோற்ற அன்றே வந்தனா கட்டாரியாவின் வீட்டு முன் பட்டாசு வெடித்துச் சாதியைச் சொல்லி ஏசினார்கள். 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு பள்ளி மாணவனின் விரல்களை வெட்டினார்கள். கபடியில் தோற்ற ஆத்திரம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். அவற்றைப் பற்றி நாம் எழுதுகிறோம், போராடுகிறோம், வழக்குக்கு அலைகிறோம். காயின் கேட்க ஆளை மாற்றியதற்கு எந்தச் சட்டத்தில் புகார் எழுதுவது?

பல்வாங்கர் தம்பிகள் செய்ததைச் செய்யலாம் என்பது என் யோசனை. போன மாதம் எங்கள் அணியில் பேசி எடுத்த முடிவு இது. டாஸுக்கு எங்கள் கேப்டனைக் கூப்பிடாத மைதானத்தில் ஆடுவதில்லை. பதினொரு பேரும் ஏறி வந்துவிடுவது, நுழைவுக் கட்டணம் போனால் போகட்டும். பாய் வீட்டுப் பையன்களும் சௌராஷ்டிர நண்பர்களும்தான் முதலில் கை தூக்கினார்கள். சுற்றுவட்டாரத்தில் இன்னும் மூன்று அணிகளிடம் பேசியிருக்கிறோம். ஓர் அணி சரி என்றது, ஓர் அணி யோசிக்கிறது, மூன்றாவது அணியின் அண்ணன்மார், விளையாட்டுக்குள்ள எதுக்குப்பா அரசியல் என்றார்கள். அடுத்த ஞாயிறு மறுபடி போய்ப் பேச வேண்டும்.